பானகம், நீர்மோர், வடைப்பருப்பு, மாங்காய்ப் பச்சடி: மூன்று சிறு பிள்ளைகள் செய்த பண்டிகைப் பண்டங்கள்

2025ஆம் ஆண்டில் ராமநவமி ஏப்ரல் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையும், சித்திரை முதல் நாள் அதற்கு அடுத்த வாரம் 14ஆம் தேதி திங்கட்கிழமையும் வந்ததால், இரண்டு நாளுக்கும் உரிய எளிய பண்டங்களை வீட்டுப் பிள்ளைகளையே செய்யவைப்பது என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் மூவர். என் அண்ணன் மகன்கள் இருவரில் மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவனுக்கு ஐந்து. என் மகளுக்கு மூன்றரை. இடம், திருச்சியில் உள்ள எங்கள் அம்மா வீட்டின் பின்கட்டு. செய்தவை நான்கு: ராமநவமிக்குப் பானகம், நீர்மோர், ஊறவைத்த பாசிப்பருப்பில் வேகவைக்காமல் செய்யும் வடைப்பருப்பு, புத்தாண்டுக்கு வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி. எந்த வேலையை எந்த வயதுக் கையிடம் கொடுக்கலாம், எந்த இடத்தில் பெரியவர் நின்றே ஆக வேண்டும், எந்த அளவுகள் சரியாக அமைந்தன என்பவற்றை, இதே வேலையில் இறங்க எண்ணுவோருக்காக இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன்.

தமிழ்ப் பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், சித்திரையும் வைகாசியும் இளவேனில். திருச்சி வெயில் இந்தக் கணக்கை மதிப்பதில்லை. பங்குனி முடிவதற்குள்ளேயே பிற்பகல் வெப்பம் 37, 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடுகிறது. பிள்ளைகளோடு செய்வதற்கென்று கடைகளில் விற்கும் சாக்லேட் அச்சுகளை நான் தொடக்கத்திலேயே ஒதுக்கியதற்கு இதுவே காரணம். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும் என்பதால், நம் ஊர் ஏப்ரல் மாதத்தில் அச்சில் வார்த்த சாக்லேட் குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்ததும் குழையத் தொடங்கும். பிள்ளைக்குக் கிடைப்பது காத்திருக்கும் வேலை மட்டுமே. பானகமும் நீர்மோரும் இந்த வெயிலுக்கென்றே அமைந்தவை. அவற்றோடு வடைப்பருப்பையும் சேர்த்தால், கடுகு தாளிக்கும் அந்த ஒரு நிமிடத்தைத் தவிர ராமநவமிப் பண்டங்கள் எவற்றுக்கும் அடுப்பு வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளோடு சமைக்கும்போது பெரியவரின் குரல் உயர்வதெல்லாம் பெரும்பாலும் அடுப்பருகில்தான். அடுப்பு இல்லாத இடத்தில் "தொடாதே" என்ற சொல்லுக்கே வேலை குறைந்துவிடுகிறது.

வேலையைப் பிரித்த முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பாத்திரத்தை மூவர் நடுவில் வைத்து, "நீ கொஞ்சம் கலக்கு, இப்போது தம்பியிடம் கொடு" என்று முறைவைத்துச் செய்வதுதான் வழக்கமாகப் பலர் வீட்டில் நடப்பது. அதில் யாருக்கும் எதுவும் சொந்தமாவதில்லை. கரண்டிக்காக நடக்கும் சண்டைதான் மிஞ்சுகிறது. அதற்கு மாறாக, ஒரு பண்டத்தை ஒரு பிள்ளையிடமே முழுதாகக் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். பானகம் மூத்தவனுடையது, நீர்மோர் நடுப்பிள்ளையுடையது, வடைப்பருப்பு என் மகளுடையது. பொருளை எடுத்துவைப்பது முதல் சுவைபார்த்து முடிப்பது வரை அது அவரவர் பொறுப்பு. மற்றவர் உதவலாம், ஆனால் கேட்டுக்கொண்டுதான் உதவ வேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு முழுப் பண்டம் ஒன்றை ஒப்படைப்பது மிகையாகத் தோன்றலாம். வடைப்பருப்பின் வேலைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது: கழுவுவது, ஊறவைப்பது, கிள்ளிப்பார்ப்பது, வடிப்பது, கையால் பிசறுவது ஆகிய ஐந்தில் ஒன்றுக்குக்கூடக் கூரான கருவி தேவையில்லை.

மேடையில் செய்வதைவிடத் தரையில் செய்வதே நல்லது. பின்கட்டுத் தரையைக் கழுவித் துடைத்து, பழைய கோரைப்பாயை விரித்து, அதன்மேல் ஈரத்தை உறிஞ்சும் பருத்தித் துணி ஒன்றைப் போட்டோம். நாற்காலியில் ஏறி நிற்கும் பிள்ளைக்குக் கை எட்டும், கால் நிற்காது; தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், விழுவதற்கும் உயரம் இல்லை. கண்ணாடிப் பாத்திரம் எதையும் அங்கே கொண்டுவரவில்லை. எவர்சில்வர் அடுக்குகள், அகலமான தாம்பாளங்கள், சிறிய கல் உரல், மத்து, தேநீர் வடிகட்டி, வெள்ளை வேட்டித் துணித்துண்டு ஆகியவையே முக்கியக் கருவிகள். தாம்பாளம் அவசியம், சிந்துவது எல்லாம் அதற்குள் விழுந்துவிடும், அதை வழித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். முந்தின நாளே மூவருக்கும் நகம் வெட்டியாயிற்று. வேகவைக்காத பண்டங்கள் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் எந்தச் சலுகையும் தரவில்லை.

பானகத்துக்கு நாங்கள் எடுத்த அளவு: 400 கிராம் வெல்லம், 3 லிட்டர் தண்ணீர், மூன்று எலுமிச்சம்பழம், ஒன்றரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, எட்டு ஏலக்காய், இரண்டு சிட்டிகை உப்பு. கோயிலில் தருவதைவிட இது இனிப்புச் சற்றுக் குறைவு. வீடுவீடாகக் கொடுக்கும்போது எல்லா வயதினருக்கும் இது பொருந்தியது. வெல்லம் கருத்ததாக இருப்பதே நல்லது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் வருவதற்காக வெல்லத்தில் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்ப்பது உண்டு என்பதால், பிள்ளைகளுக்குச் செய்யும்போது நிறம் குறைந்த வெல்லத்தையே நான் தேடி வாங்குவேன்.

மண்டை வெல்லத்தை உடைப்பது பெரியவர் வேலை. அதைத் துணியில் முடிந்து, கல்லின்மேல் வைத்துக் குழவியால் தட்டி, புளியங்கொட்டை அளவுத் துண்டுகளாக்கிக் கொடுத்தேன். அதற்குமேல் பொடிப்பதெல்லாம் மூத்தவன். இந்த இடத்தில் அவனுக்கு ஒரு வேடிக்கை காட்டினோம். ஒரே எடையுள்ள வெல்லத்தில் ஒரு பங்கைக் கட்டியாகவும் ஒரு பங்கைப் பொடித்தும் இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, கலக்காமல் வைத்தோம். பொடித்தது நீரில் பழுப்பாகப் பரவி விரைவில் மறைந்துகொண்டே வர, கட்டி மட்டும் அடியில் அசையாமல் கிடந்தது. "அத்தை, இது கரையவே மாட்டேங்குது, இது வேற வெல்லமா?" என்று கேட்டான். ஒரே வெல்லம்தான், பொடித்ததில் தண்ணீர் தொடும் பரப்பு அதிகம், கட்டியில் வெளிப்புறத்தை மட்டுமே தண்ணீர் தொட முடிகிறது என்று சொன்னதும், மீதி வெல்லம் முழுவதையும் மாவாக்கும் வரை அவன் உரலைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாட்டுச் சர்க்கரையில் செய்திருந்தால் இந்த உழைப்பே தேவைப்பட்டிருக்காது. நேரம் குறைவாக உள்ளவர்கள் கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச் சர்க்கரையையே வாங்கிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பையனின் கைக்கு இடிக்கும் வேலை கிடைப்பது எவ்வளவு நல்லது என்பதைக் கண்டவள் என்பதால் நான் மண்டை வெல்லத்தின் பக்கம்தான்.

வெல்லம் கரைந்த பிறகு கட்டாயம் வடிகட்ட வேண்டும். வேட்டித் துணியை நால்வரும் நான்கு மூலையில் பிடித்துக்கொள்ள, அம்மா கரைசலை ஊற்றினார். துணியில் தங்கிய மணலையும் கரும்புச் சக்கைத் துகள்களையும் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். இத்தனை நாள் அதைத்தான் கடித்துத் தின்றிருக்கிறோம் என்று மூத்தவன் கண்டுபிடித்துச் சொன்னான். ஏலக்காயைத் தனியே இடித்தால் உரலில் ஒட்டிக்கொண்டு நார்நாராகப் பிரியும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையைச் சேர்த்து இடித்தால் தோலோடு பொடியாகும். சுக்கு மட்டும் பிள்ளைக் கைக்கு அடங்காது. அது கல்லையே திருப்பித் தள்ளும். ஆகவே பொடித்த சுக்கையே எடுத்துக்கொண்டோம். எலுமிச்சம்பழத்தை அறுக்குமுன் உள்ளங்கையை அழுத்தித் தரையில் உருட்டினால் சாறு எளிதாக இறங்கும் என்பதால், அந்த உருட்டும் வேலை நடுப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் போனது. பழம் ஒன்று உருண்டு கிணற்றடி வரை சென்று வந்ததும் இதில் அடக்கம். சாற்றைக் கடைசியாகவே சேர்க்க வேண்டும். விதை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, ஊற ஊறக் கசக்கும்.

வெல்லம் இடிபட்டுக்கொண்டிருந்தபோது அம்மா ஆந்திரத்தின் மங்களகிரிக் கதையைச் சொன்னார். அங்குள்ள பானகால நரசிம்மருக்குப் பானகமே முதன்மையான நிவேதனம். வாயில் ஊற்றும் பானகத்தில் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டு மீதியைப் பக்தருக்கே விட்டுவிடுகிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. "மீதிப் பாதி ஏன் பாட்டி வேண்டாம்னார், இனிப்புப் பத்தலையா?" என்று நடுப்பிள்ளை கேட்டதற்கு அம்மாவிடம் விடை இல்லை. அன்று முழுவதும் அவன் தன் டம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அண்ணனிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

பானகத்தில் பச்சைக் கற்பூரம் சேர்ப்பது பெருமாள் கோயில் வழக்கம். அதன் மணமே தனி. சிறு பிள்ளைகள் குடிக்கும் பானகத்தில் நான் அதைச் சேர்ப்பதில்லை, பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைப்பதும் இல்லை. கற்பூரம் சிறு உடம்புக்குக் கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. பூசைக்குக் கொளுத்தும் சூடம் உண்ணுவதற்கு உரியதே அல்ல. வீட்டில் இரண்டு டப்பாக்களும் ஒரே அலமாரியில் இருந்தால், பிள்ளைகள் சமைக்கும் நாளிலாவது அவற்றை மேலே ஏற்றிவிட வேண்டும். மணத்துக்கு நாங்கள் நாலைந்து துளசி இலைகளைக் கிள்ளிப் போட்டோம்.

பானகத்தைக் குளிர்விக்க ஐஸ் போடாமல் மண்பானையில் ஊற்றினோம். வாங்கிய புதுப் பானையை முதல் நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மண்வாசனை போகும்வரை கழுவியிருந்தோம். மண்ணின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, காற்று வரும் தாழ்வாரத்தில் வைத்தால் குளிர்ச்சி இன்னும் கூடும். திருச்சி, மதுரை போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். சென்னைபோல் காற்றிலேயே ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் ஆவியாதல் மெதுவாக நடப்பதால் அவ்வளவு குளிராது. துணி காயும்போதெல்லாம் தண்ணீர் தெளிப்பது என் மகளுக்குக் கிடைத்த கூடுதல் வேலை. துணி காய்வதற்கு அவள் காத்திருக்கவில்லை என்பதால் தாழ்வாரமும் நன்றாகவே குளிர்ந்தது.

நீர்மோருக்கு அரை லிட்டர் கெட்டித் தயிர், ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்பு, விரல் நுனி அளவு இஞ்சி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் கொத்தமல்லியும், சிட்டிகைப் பெருங்காயம். பச்சை மிளகாயைப் பெரியவர்களின் பங்கில் மட்டும் பிறகு கீறிப் போட்டோம். மிக்ஸியில் ஒரு நொடியில் முடியும் வேலைதான். ஆனால் மத்துக் கடைவது ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த சமையலறை வேலைகளில் ஒன்று என்பது என் எண்ணம். மத்தின் காம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து உருட்ட வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில், எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒன்று பிந்தினால் மத்துச் சாய்ந்துவிடும். முதலில் வெறும் காம்பை மட்டும் காற்றில் உருட்டிப் பழகினான். பிறகு பாத்திரத்தை நான் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொள்ள, அவன் கடைந்தான். பாத்திரம் உயரமானதாக, பாதிக்குமேல் நிரம்பாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டையும் மோர் குடிக்கும்.

தண்ணீரை எல்லாம் முதலிலேயே ஊற்றக்கூடாது. தயிரோடு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் மட்டும் சேர்த்துக் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே வரும். சூடான நாளில் தயிர் இளகி இருந்தால் வெண்ணெய் திரளாமல் மோரோடே கரைந்து நிற்கும் என்பதால், தயிரைக் குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்தோம். ஆடை கொழுத்த பாலில் வீட்டிலேயே உறையூற்றிய தயிர் என்பதால் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் மத்தில் ஒட்டி வந்தது. அது அதுவரை தயிருக்குள் இருந்தது என்பதை நடுப்பிள்ளை நம்பவில்லை. நான் மறைத்துவைத்திருந்து போட்டுவிட்டதாகவே வாதிட்டான். அடுத்த நாள் தானே மறுபடி கடைந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டான். வெண்ணெயை எடுத்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி, கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் உப்போடு சேர்த்துக் கையாலேயே கசக்கிச் சேர்த்தான். உப்போடு கசக்கினால் இலையின் சாறு இறங்கும், கத்தியும் வேண்டாம். இஞ்சியைத் தட்டிச் சாறு மட்டும் வடித்துச் சேர்த்தோம், பிள்ளைகளுக்கு நார் வாயில் தட்டினால் மோரே வேண்டாம் என்றாகிவிடும். கடுகு தாளிப்பது அம்மாவின் வேலை. பிள்ளைகள் வாசற்படிக்கு அந்தப் புறம் உட்கார்ந்து கடுகு வெடிக்கும் ஓசையை மட்டும் கேட்டார்கள்.

வடைப்பருப்பில் என் மகளுக்கு மிகவும் பிடித்தது காத்திருப்பு என்றால் நம்புவது கடினம். 200 கிராம் பாசிப்பருப்பை அவள் நான்கு தண்ணீரில் கழுவினாள். முதல் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி, கடைசித் தண்ணீரில் பருப்பு தெளிவாகத் தெரிவதைக் காட்டியபின் அவளே "போதும்" என்றாள். ஊறவைத்த, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் பருப்பின் மட்டத்துக்கு நேராகக் குங்குமப் பொட்டு ஒன்று வைத்தோம். மூன்றரை வயதுக்குக் கடிகாரத்தின் முள் எதையும் சொல்லாது. ஆனால் பருப்பு தன் பொட்டைத் தாண்டி மேலே ஏறியிருப்பது தெரியும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஓடிவந்து ஒரு பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளிப்பார்ப்பாள். முதலில் அது கல்லாக வழுக்கியது. முக்கால் மணி நேரம் போனபின் நகம் இறங்கி இரண்டாகப் பிளந்தது. அதுதான் பதம். இந்த வெயிலில் நெடுநேரம் ஊறவிட்டால் வழவழப்புத் தட்டி வாடை வரத் தொடங்கும் என்பதால், கிள்ளினால் உடையும் நிலை வந்ததும் உடனே வடித்துவிட வேண்டும்.

வடித்த பருப்பைத் துணியில் பரப்பி ஈரம் ஒற்றியெடுத்த பிறகு, துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி, துருவிய கிளிமூக்கு மாங்காய் கால் பங்கு, கிள்ளிய கொத்தமல்லி ஆகியவற்றைச் சேர்த்து அவள் இரண்டு கையாலும் பிசறினாள். துருவும் வேலையை மூத்தவனுக்குக்கூடக் கொடுக்கவில்லை. துருவியின் பல் விரல் மூட்டைச் சீவிவிடும். உப்பைப் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் மாங்காயும் பருப்பும் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பயறு உடைந்து தோல் நீங்கிய சிறு பருப்பு என்பதால் இது சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. சில வீடுகளில் இதோடு ஊறிய கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ சேர்ப்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளதால் அது வேண்டாம். தேங்காயையும் கீற்றாகப் போடாமல் துருவியே போட வேண்டும்.

பூசை முடிந்து, பத்து மணிக்குத் தெருவில் கொடுக்கத் தொடங்கினோம். ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் விசிறியும் கொடுப்பது பழைய வழக்கம். விசிறி மட்டும் எங்களிடம் இல்லை. டம்ளரை முக்கால் பங்குதான் நிரப்பினோம், தட்டில் ஒரே நேரத்தில் இரண்டுக்குமேல் வைக்கவில்லை. எதிர் வீட்டுத் தாத்தா, இஸ்திரிக் கடைக்காரர், பால் கொண்டுவருபவர், காய்கறி வண்டிக்கார அக்கா என்று பெரிய வரிசையே ஆயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் பண்டத்தை மட்டுமே நீட்டியது, "பானகம் எப்படி இருக்கு?" என்று மூத்தவன் நின்று கேட்டு, விடை வாங்கிக்கொண்டுதான் டம்ளரைத் திரும்பப் பெற்றான். இஸ்திரிக்காரர் இனிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார். மூத்தவன் அதை மறக்காமல் வந்து சொன்னான், ஆனால் அளவை மாற்ற மறுத்துவிட்டான். பகல் பன்னிரண்டுக்குள் மோரும் வடைப்பருப்பும் தீர்ந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கெட்டுப்போகும் கவலை இல்லை. எஞ்சிய ஒரு கிண்ணம் பருப்பை அம்மா அன்று மாலையே அரைத்து அடை வார்த்துவிட்டார்.

புத்தாண்டுப் பச்சடிக்கான வேலை அந்த வாரத்தின் நடுவிலேயே தொடங்கியது, வேப்பம்பூ அதற்கு முன்பே தயாராக வேண்டுமே. பின்கட்டு வேம்பு பங்குனியில் பூத்துக் குலுங்கும். கிளையை ஒடிக்கவோ உலுக்கவோ விடவில்லை; பூவில் தேனீக்கள் மொய்க்கும் காலம் அது. மாலையில் மரத்தடியைப் பெருக்கி, பழைய வெள்ளை வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தால், இரவுக் காற்றில் உதிரும் பூக்கள் காலையில் அதன்மேல் கிடக்கும். சாலையோர மரத்துப் பூவில் தூசியும் வண்டிப் புகையும் படிந்திருக்கும், தவிர்ப்பது நல்லது. காலையில் மூவரும் உட்கார்ந்து பூவிலிருந்து காம்பு, சருகு, எறும்பு ஆகியவற்றைப் பிரித்தார்கள். இது பொறுமைக்கு வைத்த சோதனைதான். என் மகள் எறும்புகளை மட்டும் பிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள், நடுப்பிள்ளை கடைசிவரை உட்கார்ந்திருந்தான். பொறுக்கிய பூவை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி மூடி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்ததும் நொறுங்கும் பதத்துக்கு வந்தது.

பச்சடிக்குப் புளிப்பு மிகுந்த நாட்டு மாங்காயே ஏற்றது. கிளிமூக்கு இதற்குப் போதாது. 250 கிராம் எடையுள்ள மாங்காய் ஒன்றுக்கு 110 கிராம் வெல்லம், ஒரு டம்ளர் தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு, சிட்டிகை மஞ்சள்தூள், தாளிக்க ஒரு வரமிளகாய், நெய்யில் வறுத்த வேப்பம்பூ ஒரு தேக்கரண்டி. மாங்காயின் காம்பைக் கிள்ளும்போது வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். ஆகவே காம்புப் பகுதியை நான் வெட்டி, காயைத் தலைகீழாக வைத்துப் பால் வடிந்தபின் கழுவித்தான் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நறுக்குவதும் என் வேலையே. பிள்ளைகள் செய்தவை, அளந்து கிண்ணங்களில் வைப்பதும் வரிசையை நினைவில் வைத்து எனக்குச் சொல்வதும். வரிசை இந்தப் பண்டத்துக்கு முக்கியம். மாங்காய் நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் இனிப்பு துண்டுகளை இறுக்கிவிடும், அதன்பிறகு எவ்வளவு கொதித்தாலும் அவை மசியா. வெல்லம் கரைந்து பச்சடி பளபளப்பாகி, கரண்டியிலிருந்து கெட்டியாக விழும்போது இறக்கிவிட வேண்டும், ஆறினால் இன்னும் இறுகும். வேப்பம்பூவை மிதமான சூட்டில் நெய்யில் போட்டுக் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து, பரிமாறும்போது மேலே தூவினால் கசப்பு பச்சடி முழுதும் பரவாமல் தனித்து நிற்கும்.

அறுசுவையையும் ஒரே கிண்ணத்தில் கண்டுபிடிக்கும் ஆட்டம் பிள்ளைகளுக்குப் பிடித்தது. இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் உடனே கிடைத்தன. காரத்தை மிளகாயைக் கடித்து மூத்தவன் கண்டுபிடித்தான், சிறிது நேரம் தண்ணீர்ச் செம்போடு நடமாடினான். துவர்ப்பைக் கண்டுபிடிக்க, கொட்டையை ஒட்டிய மாங்காய்ச் சதையை அவர்களுக்குத் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. கசப்பு எங்கே என்று யாரும் தேடவில்லை. தன் கையால் செய்ததைப் பிள்ளை மறுக்காமல் தின்னும் என்று சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிய நடுப்பிள்ளை, தன் கிண்ணத்தில் விழுந்த பூவை எல்லாம் கரண்டியால் ஓரம் ஒதுக்கிவிட்டு வெல்லப் பாகை மட்டும் வழித்துத் தின்றான். ஆனால் பெரியவர்கள் ஒவ்வொருவர் இலையிலும் பூ விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, விழாத இலைக்குத் தானே ஒரு சிட்டிகை கொண்டுவந்து தூவினான். என் அண்ணனுக்கு இரண்டு முறை தூவினான்.

மிஞ்சிய வேப்பம்பூவை இன்னொரு நாள் வெயிலில் காயவிட்டு, ஈரம் சிறிதும் இல்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடினோம். மாதம் ஒருமுறை வெயிலில் காட்டிவந்தால் அடுத்த பங்குனி வரை வரும். ரசத்துக்கு ஒரு தேக்கரண்டி பூவை நெய்யில் வறுத்துக் கடைசியில் சேர்த்தால் போதும். புட்டியின்மேல் ஒட்டும் தாளில் மூத்தவன் "வேப்பம்பூ, 2025" என்று எழுதினான். தொட்டால் உதிரும் பூ என்பதால் அதை உலுக்கக்கூடாது என்று நடுப்பிள்ளை அவன் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருந்தான். இப்போது புட்டி சமையலறை மேல்தட்டில், மிளகுக்கும் சுக்குக்கும் இடையில் இருக்கிறது.